அப்பாச்சி இந்தியன்: பர்மிங்காம் தெருவில் பிறந்த பஞ்சாபி ரெக்கே

கேள்வி இதுதான்: "1996-இல் வந்த 'லவ் பேர்ட்ஸ்' படத்தில் ஏ.ஆர். ரஹ்மானோடு சேர்ந்து 'நோ ப்ராப்ளம்' பாடிய அப்பாச்சி இந்தியன் யார்? பெயரைப் பார்த்தால் செவ்விந்தியர் மாதிரி இருக்கிறது, குரலைக் கேட்டால் ஜமைக்காக்காரர் மாதிரி இருக்கிறது, முகம் நம் நாட்டு முகம். அவர் உண்மையில் எந்த ஊர்க்காரர்? ஒரு காலத்தில் அவ்வளவு பேசப்பட்டவர் அப்புறம் என்ன ஆனார்?"

அவர் பஞ்சாபி. இயற்பெயர் ஸ்டீவன் கபூர். 1967 மே 11-ஆம் தேதி இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில், ஹேண்ட்ஸ்வொர்த் என்ற பகுதியில் பிறந்தவர். பெற்றோர் பஞ்சாபிலிருந்து அங்கே போய்க் குடியேறியவர்கள். குரலில் கேட்கும் ஜமைக்காவை அவர் எங்கிருந்தும் வாங்கி வரவில்லை. அது அவர் வளர்ந்த தெருவிலேயே இருந்தது. இந்த ஒரு விஷயம் பிடிபட்டால்தான் அவருடைய பாட்டு பிடிபடும். அதனால் ஆளைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால் அந்தத் தெருவைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன்.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பிரிட்டனில் ஆலைகளுக்கு ஆள் போதவில்லை. பர்மிங்காமையும் அதை ஒட்டிய ஊர்களையும் சுற்றி இரும்பு வார்ப்பு ஆலைகள், உலோகப் பட்டறைகள், மோட்டார் கார் தொழிற்சாலைகள் என்று நிறைய இருந்தன. வெள்ளைக்காரத் தொழிலாளிகள் விரும்பாத சூடான, அழுக்கான வேலைகளுக்குப் பஞ்சாபிலிருந்து ஆண்கள் போனார்கள். அதே காலத்தில் ஜமைக்காவிலிருந்தும் மற்ற கரீபியன் தீவுகளிலிருந்தும் கறுப்பின மக்கள் வந்து சேர்ந்தார்கள். இரண்டு கூட்டத்துக்கும் வாடகைக்கு வீடு கொடுக்கப் பலர் மறுத்தார்கள். கொடுத்த சில இடங்களில் ஒன்று ஹேண்ட்ஸ்வொர்த். அப்படித்தான் அங்கே ஒரே தெருவில் ஒரு வீட்டில் பஞ்சாபிக் குடும்பம், பக்கத்து வீட்டில் ஜமைக்கா குடும்பம் என்று அமைந்தது.

அந்த வட்டாரத்து அரசியல் இதமானதாக இருக்கவில்லை. ஹேண்ட்ஸ்வொர்த்தை அடுத்த ஸ்மெதிக் தொகுதியில் 1964 தேர்தல் வெளிப்படையான நிறவெறிப் பிரசாரத்தோடு நடந்தது. அடுத்த ஆண்டு அமெரிக்கக் கறுப்பினத் தலைவர் மால்கம் எக்ஸ் அந்த ஊருக்கே நேரில் வந்து பார்த்துவிட்டுப் போனார். 1968 ஏப்ரலில் ஈனாக் பவல் என்ற நாடாளுமன்ற உறுப்பினர் குடியேறிகளுக்கு எதிராகப் பேசிய பேச்சு பிரிட்டனையே உலுக்கியது. அதைப் பேசிய இடமும் பர்மிங்காம்தான். அப்போது ஸ்டீவன் கபூருக்கு ஒரு வயதுகூட நிறையவில்லை.

இந்தச் சூழலில் ஹேண்ட்ஸ்வொர்த், ஜமைக்காவில் பிறந்த ரெக்கே இசைக்குப் பெரிய ஊராக வளர்ந்தது. உலகம் அறிந்த 'ஸ்டீல் பல்ஸ்' இசைக்குழு அந்தப் பகுதியில் உருவானதுதான். 1978-இல் வந்த அவர்களுடைய முதல் ஆல்பத்தின் பெயரிலேயே ஹேண்ட்ஸ்வொர்த் இருக்கிறது. வார இறுதிகளில் சமுதாயக் கூடங்களிலும் வீட்டு நிலவறைகளிலும் 'சவுண்ட் சிஸ்டம்' நடக்கும். ஆள் உயரத்துக்கு மேல் ஸ்பீக்கர் பெட்டிகளை அடுக்கி, நெஞ்சு அதிர ரெக்கே இசைத்தட்டுகளைப் போடுவார்கள். பாட்டின் குரலை நீக்கிவிட்டு வெறும் தாளத்தையும் பேஸ் என்ற கனத்த கீழ்சுர ஒலியையும் மட்டும் ஓடவிட, மைக் பிடித்தவர் அதன் மேல் சொந்த வரிகளை வேகமாக, தாளத்தோடு பேச்சாகவும் பாட்டாகவும் அடுக்கிக்கொண்டே போவார். ஜமைக்கா வழக்கில் இப்படி வாய்விட்டுப் பாடுகிறவர்தான் 'டீஜே'. தட்டைச் சுழற்றுகிறவர் 'செலக்டர்'. இளம் வயதில் ரஸ்தாஃபாரி என்ற ஜமைக்கா சமய இயக்கத்தாரின் பாணியில் சடைமுடி வளர்த்திருந்த ஸ்டீவன் கபூர், பின்னர் முடியை வெட்டிக்கொண்டு, 1980-களில் உள்ளூர் சவுண்ட் சிஸ்டங்களில் மைக் பிடித்துத்தான் தொழிலைக் கற்றார்.

அவர் கற்ற காலத்திலேயே ஜமைக்கா இசையும் மாறிக்கொண்டிருந்தது. 1985-இல் வெய்ன் ஸ்மித் பாட, கிங் ஜாமி தயாரித்த ஒரு பாட்டு சின்ன கேசியோ கீபோர்டில் இருந்த தாளத்தை வைத்தே உருவானது. அதோடு ரெக்கே மின்னணு யுகத்துக்குள் நுழைந்தது. வேகம் கூடியது, கருவிகள் குறைந்தன, தாளம் கூர்மையானது. அந்த வகையை ராகா என்றும் டான்ஸ்ஹால் என்றும் சொல்வார்கள். ஒரு கீபோர்டும் ஒரு மைக்கும் போதும் என்ற நிலை வந்தது, கையில் காசில்லாத ஹேண்ட்ஸ்வொர்த் பையன்களுக்குப் பெரிய வாய்ப்பு.

1985 செப்டம்பரில் ஹேண்ட்ஸ்வொர்த்தில் பெரிய கலவரம் வெடித்தது. கடைகள் எரிந்தன. தபால் நிலையம் நடத்திவந்த ஆசிய சகோதரர்கள் இருவர் தீயில் மாண்டார்கள். கறுப்பர்களுக்கும் ஆசியர்களுக்கும் பகை என்கிற கோணத்தில் பல பத்திரிகைகள் அதை எழுதின. வேலையின்மை, போலீஸ் கெடுபிடி, புறக்கணிப்பு எல்லாம் பின்னால் போய்விட்டன. அதே ஊரில், அதே ஆண்டுகளில், கபூர் என்ற பஞ்சாபிக் குடும்பத்துப் பையன் கறுப்பின இளைஞர்களின் மைக்கைப் பிடித்து அவர்கள் பேச்சிலேயே பாடிக்கொண்டிருந்தான் என்பதை நான் மிக முக்கியமாகப் பார்க்கிறேன். அவன் அங்கே விருந்தாளி இல்லை. அந்தக் கூட்டத்தில் வளர்ந்தவன்.

சரி, பஞ்சாபி பக்கம் என்ன நடந்தது? பங்கரா என்பது பஞ்சாபில் அறுவடையோடும் வைசாகியோடும் சேர்ந்த ஆட்டமும் பாட்டும். அதன் உயிர் டோல். நம் தவிலைப் போல இரு பக்கமும் தோல் கட்டியது, தோளில் மாட்டி அடிப்பது. ஒரு பக்கத்தை வளைந்த தடித்த குச்சியால் அடித்தால் கனத்த முழக்கம் வரும், இன்னொரு பக்கத்தை மெல்லிய குச்சியால் தட்டினால் சடசடவென்று வரும். பிரிட்டனில் இந்த இசை கல்யாண வீடுகளில் புது வடிவம் எடுத்தது. லண்டன் சவுத்தாலில் சன்னி சிங்கின் 'ஆலாப்' குழு 1970-களின் இறுதியிலிருந்து டோலோடு சிந்தசைசரும் கிதாரும் சேர்த்தது. பர்மிங்காமில் மல்கித் சிங் பெரிய பெயர் எடுத்தார். 1980-களில் இளைஞர்களுக்காகப் பகல் நேர டிஸ்கோக்கள் நடந்தன. இரவில் வெளியே போகப் பெண்பிள்ளைகளை வீட்டில் விடமாட்டார்கள் என்பதால் பள்ளிக்கோ கல்லூரிக்கோ போவதாகச் சொல்லிவிட்டுப் பகலில் வந்து ஆடிவிட்டுப் போவார்கள்.

இந்தப் பங்கரா கேசட்டுகள் ஏராளமாக விற்றன. ஆனால் விற்ற இடம் மளிகைக் கடை, புடவைக் கடை, மிட்டாய்க் கடை. பிரிட்டனின் அதிகாரபூர்வ இசைப் பட்டியல், அப்போது குறிப்பிட்ட இசைக் கடைகளின் விற்பனையை மட்டுமே எண்ணியது. அதனால் எத்தனை கேசட் விற்றாலும் பங்கரா பாடகர்கள் அந்தப் பட்டியலில் தலைகாட்ட முடியவில்லை. வானொலியும் போடவில்லை. தன் நாட்டிலேயே கண்ணுக்குத் தெரியாத தொழிலாக அது நடந்துகொண்டிருந்தது. ரெக்கேயும் பங்கராவும் ஒரே தெருவில் ஒலித்தன, ஆனால் விற்கும் கடை வேறு, ஆடும் இடம் வேறு.

இரண்டையும் சேர்த்த பாட்டு 1990-இல் வந்தது: 'மூவி ஓவர் இண்டியா'. முதலில் பெயரட்டைகூட இல்லாத வெள்ளை லேபிள் தட்டாக, சின்ன எண்ணிக்கையில் அச்சிட்டார்கள். ஜெட் ஸ்டார் என்ற ரெக்கே விநியோக நிறுவனம் அதை எடுத்துப் பரப்பியது. ரெக்கே கேட்பவர்களும் வாங்கினார்கள், பங்கரா கேட்பவர்களும் வாங்கினார்கள். அப்படி இருபக்கமும் ஒரு தட்டு போனது புதிய விஷயம். இந்தப் பாட்டின் பின்னால் இருந்தவர்கள் சைமன் டுகல், டைமண்ட் டுகல் என்ற பர்மிங்காம் சகோதரர்கள். இவர்களை நம் வாசகர்கள் அதிகம் கவனித்ததில்லை. 2002-இல் கனடா பாடகி ஷனாயா ட்வெய்ன் தன் ஆல்பத்தை மூன்று விதமான இசையில் வெளியிட்டார். அதில் இந்திய வாசனை கொண்ட வடிவத்துக்கு இசை கட்டியவர்கள் இதே டுகல் சகோதரர்கள்தான்.

பெயரைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். அமெரிக்கப் பூர்வகுடிகளான அப்பாச்சிகளுக்கும் இவருக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. ஜமைக்காவின் புகழ்பெற்ற டீஜே சூப்பர் கேட்டுக்கு 'வைல்ட் அப்பாச்சி' என்று ஒரு பட்டப்பெயர் உண்டு. தான் வியந்த அந்த மனிதரின் பட்டத்தில் பாதியை எடுத்து, 'நான் இந்தியன்' என்பதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். எனக்கு மிகவும் பிடித்த செய்தி இனிமேல்தான் வருகிறது. சூப்பர் கேட்டின் இயற்பெயர் வில்லியம் மராக். அவருக்கு இந்திய வம்சாவளி உண்டு. அடிமை முறை ஒழிந்த பிறகு, 1845 முதல், கரும்புத் தோட்டங்களில் வேலை செய்ய இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை ஜமைக்காவுக்குக் கப்பலில் கொண்டுபோனார்கள். ஆகவே இந்தக் கலவையைப் பர்மிங்காம் முதலில் கண்டுபிடித்தது என்று சொல்ல முடியாது. ஜமைக்காவிலேயே நூறாண்டுக்கு மேலாக இந்தியர்களும் ஆப்பிரிக்கர்களும் ஒரே மண்ணில் வாழ்ந்திருக்கிறார்கள்.

இசையாகப் பார்த்தால் இந்த இணைப்பு ஏன் ஒட்டியது? டான்ஸ்ஹால் தாளமும் பங்கராவின் 'சால்' என்ற அடிப்படை நடையும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் ஓடக்கூடியவை. இரண்டுமே உடலைக் கீழிருந்து தூக்கிவிடும் தாளங்கள். கனத்த அடி ஒரு இடத்தில் விழும், அதற்கு எதிராகச் சின்ன அடிகள் முந்திக்கொண்டு வரும். டோலின் கனத்த பக்கம் ரெக்கேயின் பேஸ் செய்யும் வேலையைச் செய்கிறது. இன்னொரு பொருத்தமும் உண்டு. பஞ்சாபி கிராமங்களில் போலியான் என்ற குறும்பாடல்கள் உண்டு. ஒருவர் வரியைத் தூக்கிக் கொடுக்க, கூட்டம் பதில் கொடுக்கும். டான்ஸ்ஹாலிலும் டீஜே தூக்கிக் கொடுக்க, கூட்டம் கூவும். கேட்பவர்களையும் பாட்டுக்குள் இழுப்பது இரண்டுக்கும் பொது.

'சோக் தேர்' என்ற பாட்டில் இது தெளிவாகக் கேட்கும். பங்கரா ஆட்டத்தில் உற்சாகமூட்டக் கூவும் 'சக் தே' என்ற சொல்லை, ஜமைக்காப் பேச்சின் ஓட்டத்துக்குள் கொண்டுவந்து வைக்கிறார். அந்த வரியைக் கேட்கும் பஞ்சாபிப் பையன் 'இது நம்ம ஆள்' என்கிறான், பக்கத்து வீட்டு ஜமைக்காப் பையனும் அதையேதான் சொல்கிறான்.

1992-இல் ஐலண்ட் ரெக்கார்ட்ஸ் அவரை எடுத்துக்கொண்டது. பாப் மார்லியை உலகத்துக்குக் கொண்டுபோன நிறுவனம் அது. அந்த ஆண்டே மேக்சி ப்ரீஸ்ட் என்ற பிரிட்டிஷ் ரெக்கே பாடகரோடு பாடிய 'ஃபே ரியல்' பிரிட்டன் பட்டியலில் 33-ஆம் இடம் வந்தது. 1993-இல் முதல் ஆல்பம் 'நோ ரிசர்வேஷன்ஸ்'. பாபி டிஜிட்டல், ஸ்லை டன்பார் போன்ற ஜமைக்கா ஜாம்பவான்கள் ஒரு பக்கம், டுகல் சகோதரர்கள் ஒரு பக்கம் என்று தயாரிப்பாளர்கள் இருந்தார்கள். ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்குப் பிரிட்டனில் தரும் மெர்க்குரி பரிசின் அந்த ஆண்டு இறுதிப் பட்டியலில் அந்த ஆல்பம் இடம்பெற்றது. பரிசு ஸ்வேட் என்ற ராக் குழுவுக்குப் போனது.

அந்த ஆல்பத்தில் ஆட்டப்பாட்டு மட்டும் இல்லை. எய்ட்ஸ் பற்றிய எச்சரிக்கை ஒரு பாட்டு. குடிப்பழக்கம் பற்றி ஒரு பாட்டு. பஞ்சாபிக் குடும்பங்களில் வெளியே பேசத் தயங்கும் விஷயங்கள் இவை. அந்தக் காலத்துப் பங்கரா பாட்டுகளில் பெரும்பாலும் கல்யாணம், காதல், ஊர்ப்பெருமை, மது உற்சாகம் என்றே ஓடிக்கொண்டிருந்தபோது இவர் மதுவை எதிர்த்தே பாடியிருக்கிறார். பின்னால் வந்த 'நஃப் வைப்ஸ்' என்ற சிறு ஆல்பத்தில் சாதி அமைப்பு பற்றியே ஒரு பாட்டு உண்டு. கடல் தாண்டிப் போனாலும் சாதி கூடவே வந்துவிட்டது என்பதைப் பிரிட்டனில் இருக்கும் பஞ்சாபிகள் எல்லோரும் அறிவார்கள். அதை வெகுஜனப் பாட்டில் சொல்ல ஒரு ஆள் வேண்டியிருந்தது. ரெக்கே மரபில் சமூகத்தைப் பார்த்துப் பேசுவது சாதாரணம் என்பதால் அந்தத் துணிச்சல் அவருக்கு அங்கிருந்து வந்தது என்றே நினைக்கிறேன். பங்கராவுக்கு ரெக்கே தந்தது தாளம் மட்டும்தான் என்று எழுதுகிறவர்கள் இதை விட்டுவிடுகிறார்கள்.

'நோ ரிசர்வேஷன்ஸ்' ஆல்பத்தின் உச்சம் 'அரேஞ்ஜ்டு மேரேஜ்'. 1993 தொடக்கத்தில் பட்டியலில் 16-ஆம் இடம். பையனுக்குக் கல்யாண வயது வந்துவிட்டது. அப்பா அம்மா பார்த்து முடித்துவைக்கட்டும் என்கிறான். ஜலந்தரிலிருந்து பெண் வேண்டும், அழகாக இருக்க வேண்டும், ரொட்டி சுட்டுத் தர வேண்டும் என்று பட்டியல் போடுகிறான். கடைசியில்தான் சிக்கலைச் சொல்கிறான்: ஏற்கெனவே ஒரு காதலி இருக்கிறாள், அவளிடம் இதை எப்போது சொல்வது? பெற்றோர் ஏற்பாடு செய்யும் கல்யாணத்தைத் தூக்கிப் பிடிக்கிறாரா, கேலி செய்கிறாரா என்று அப்போது வாதம் நடந்தது. எனக்கு அது இரண்டுமாகவும் படவில்லை. வீட்டில் ஒரு பிள்ளையாகவும் வெளியே இன்னொரு ஆளாகவும் வாழ்ந்த ஒரு தலைமுறையின் குழப்பத்தை அப்படியே எடுத்து வைத்திருக்கிறார். ரொட்டி சுடும் மனைவியைக் கேட்கும் வரிகள் இன்று கேட்கும்போது உறுத்தவே செய்கின்றன. ஆனால் அந்தப் பையனின் சுயநலத்தையும் பாட்டு மறைக்கவில்லை.

அப்புறம் 1993 ஆகஸ்டில் 'பூம் ஷாக்-அ-லாக்'. 5-ஆம் இடம். அவருடைய வாழ்நாளின் மிகப் பெரிய வெற்றி. 'டம்ப் அண்ட் டம்பர்' உட்படப் பல ஹாலிவுட் படங்களிலும் விளம்பரங்களிலும் ஒலித்து, அவர் பெயரே தெரியாதவர்களுக்கும் தெரிந்த பாட்டு. கேட்டுப் பாருங்கள்: அதில் பஞ்சாபி கிட்டத்தட்ட இல்லை. டோல் முன்னால் நிற்கவில்லை. துள்ளலான நடனப் பாட்டு, அவ்வளவுதான்.

அவருடைய வாழ்க்கையில் நான் திரும்பத் திரும்ப யோசிக்கும் இடம் இது. பஞ்சாபி கலந்து பாடியபோது 'சோக் தேர்' 30-ஆம் இடம், 'அரேஞ்ஜ்டு மேரேஜ்' 16-ஆம் இடம். பஞ்சாபியை இறக்கி வைத்தபோது 5-ஆம் இடம். அவர் விற்றுவிட்டார் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை, பாட்டு நல்ல பாட்டு. ஆனால் சந்தை அவருக்கு ஒரு செய்தியை அனுப்பியது. அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று நிறுவனத்துக்கும் அது ஒரு செய்தியாகப் போயிருக்கும்.

இதே நேரத்தில் இந்தியாவில் வேறொன்று நடந்துகொண்டிருந்தது. 1991-க்குப் பிறகு ஸ்டார் டிவி வழியாக எம்டிவி வீடுகளுக்குள் வந்துவிட்டது. அதுவரை திரைப்பாட்டே பாட்டு என்றிருந்த நாட்டில், அந்த அலைவரிசையில் நம் நிறத்தில் ஒருவர் நின்று பாடினார். 1993-இல் அவர் இந்தியாவுக்கு வந்தபோது பெருங்கூட்டம் திரண்டது. பாபா சேகல் 1992-இல் இந்தியில் ராப் பாடி அப்போதுதான் ஒரு சந்தையைத் திறந்திருந்தார். 1995-இல் தலேர் மெஹந்தியின் முதல் ஆல்பம் வந்து பஞ்சாபி பாப்பை நாடு முழுக்கக் கொண்டுபோனது. அந்த இரண்டுக்கும் இடையில் அப்பாச்சி இந்தியன் செய்தது என்னவென்றால், பஞ்சாபி என்பது கிராமத்தான் பாட்டு என்று நினைத்த நகரத்துப் பிள்ளைகளை அது நவநாகரிகம் என்று நினைக்கவைத்தது.

'நோ ப்ராப்ளம்' வந்தது இந்த அலையில்தான். பி. வாசு இயக்கி, பிரபுதேவாவும் நக்மாவும் நடித்த 'லவ் பேர்ட்ஸ்' 1996 பொங்கலுக்கு வந்தது. ரஹ்மான் அதற்கு முன்பே 'காதலன்' படத்தில் 'பேட்டை ராப்' கொடுத்திருந்தார், சென்னைப் பேச்சு ராப் தாளத்தில் எப்படி உட்காரும் என்று பார்த்துவிட்டார். அடுத்த படியாக, டான்ஸ்ஹாலை அதன் சொந்தக் குரலிலேயே தமிழ்ப் படத்துக்குக் கொண்டுவந்தார். இந்திப் பட உலகம் கவனிப்பதற்கு முன்பே ஒரு பர்மிங்காம் பஞ்சாபியின் குரலைத் தமிழ் இசையமைப்பாளர் பதிவு செய்தார் என்பதில் எனக்கு மகிழ்ச்சி உண்டு. படம் ஓடவில்லை. 'மலர்களே' பாட்டு நின்றது. 'நோ ப்ராப்ளம்' அந்தக் காலத்துக் கல்லூரி விழாக்களில் ஓங்கி ஒலித்துவிட்டு மெல்ல மறைந்தது.

இனி, அவர் என்ன ஆனார் என்ற கேள்வி. 1993 பிரிட்டனில் ராகா ஆண்டு. ஷேகி முதலிடம் பிடித்தார். சாக்கா டீமஸ் அண்ட் ப்ளையர்ஸ் வரிசையாக வெற்றி கொடுத்தார்கள். கனடாவைச் சேர்ந்த ஸ்னோ என்ற வெள்ளைக்காரர்கூட ஜமைக்காப் பேச்சில் பாடிப் பட்டியலில் ஏறினார். அப்பாச்சி இந்தியனைப் பெரிய நிறுவனமும் வானொலியும் ஏற்றுக்கொண்டதற்கு இந்த அலையும் ஒரு காரணம். அலை இறங்கியபோது அவரும் சேர்ந்து இறங்கினார். 1995-இல் இரண்டாவது ஆல்பம் 'மேக் வே ஃபார் தி இண்டியன்' வந்தபோது இளைஞர்கள் பிரிட்பாப்புக்கும் ஜங்கிள் இசைக்கும் நகர்ந்திருந்தார்கள். அந்த ஆல்பத்தின் தலைப்புப் பாட்டு 29-ஆம் இடத்தோடு நின்றது. அதற்குப் பிறகு வேறு நிறுவனங்கள், சின்ன வெளியீடுகள் என்று போனது. 2005-இல் 'டைம் ஃபார் சேஞ்ச்', 2007-இல் 'சாது' என்று ஆல்பங்கள் வந்தன. மேடை நிகழ்ச்சிகளை அவர் நிறுத்தவே இல்லை. முதல் பக்கத்திலிருந்து அவர் பெயர் போய்விட்டது, அவ்வளவுதான்.

அலை போனது மட்டுமே காரணமா? இன்னொன்றும் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. அவர் திறந்த வழியில் மற்றவர்கள் அவரைவிடத் துணிச்சலாகப் போனார்கள். பர்மிங்காமிலேயே வளர்ந்த பாலி சாகூ 1996-இல் முழுக்க இந்தியில் ஒரு பாட்டைப் பட்டியலில் 12-ஆம் இடத்துக்குக் கொண்டுபோனார். 1998-இல் டிஜிந்தர் சிங்கின் கார்னர்ஷாப் குழு, ஆஷா போஸ்லேயைப் போற்றும் பாட்டோடு முதலிடம் பிடித்தது. 1999-இல் தபலா கலைஞர் தல்வின் சிங் மெர்க்குரி பரிசையே வென்றார். பிறகு 2003 ஜனவரியில், பர்மிங்காமுக்குப் பக்கத்து நகரமான கவென்ட்ரியைச் சேர்ந்த பஞ்சாபி எம்சியின் 'முண்டியான் தோ பச் கே' பிரிட்டனில் 5-ஆம் இடம் வந்தது. லாப் ஜன்ஜுவா பாடிய அந்தப் பாட்டில் பஞ்சாபி மட்டும்தான். தும்பி என்ற பஞ்சாபி வாத்தியத்தின் ஒற்றைத் தந்தி ஒலிதான் அதன் முகவரி. 1993-இல் பஞ்சாபியை ஒதுக்கி வைத்து எட்டிய அதே 5-ஆம் இடத்தைப் பத்தாண்டு கழித்துப் பஞ்சாபியே எட்டியது.

2005 வாக்கில் எம்.ஐ.ஏ. என்று மாயா அருள்பிரகாசம் வந்தார். ஈழத் தமிழ்க் குடும்பம், லண்டன் வளர்ப்பு, பாட்டுக்கு அடியில் டான்ஸ்ஹால். அவருடைய கோபமும் அரசியலும் முற்றிலும் வேறு, யாருடைய வாரிசு என்றும் அவரைச் சொல்ல முடியாது. ஆனால் பிரிட்டனில் வளர்ந்த தெற்காசியப் பிள்ளை ஜமைக்காவின் தாளத்தைத் தன் சொந்தத் தாளமாக எடுத்துக்கொள்வதை 2005-இல் யாரும் விசித்திரமாகப் பார்க்கவில்லை. 1990-இல் அது விசித்திரம்.

அவர் மேல் வைக்கப்படும் ஒரு குற்றச்சாட்டைத் தொடாமல் விட முடியாது. கறுப்பின மக்களின் பேச்சை ஒரு இந்தியர் போட்டுக்கொண்டு பணம் சம்பாதித்தார் என்பார்கள். வேறு ஊரில், வேறு வகுப்பில் வளர்ந்து, இசைத்தட்டைக் கேட்டு அந்தப் பேச்சைப் பழகியவர் என்றால் நானும் அதைச் சொல்வேன். ஹேண்ட்ஸ்வொர்த் பிள்ளைகள், எந்த நிறமாக இருந்தாலும், விளையாட்டு மைதானத்தில் அந்தப் பேச்சைத்தான் பேசினார்கள். சூப்பர் கேட்டின் பெயரைத் தன் பெயரிலேயே வைத்துக்கொண்டு, கற்ற இடத்தை மறைக்காமல், ஜமைக்காக் கலைஞர்களோடு உட்கார்ந்து ஆல்பம் செய்தவர் அவர். இரவல் வாங்கியதை மறைத்தவர்கள் வேறு ஆட்கள்.

மறுபுறம், பஞ்சாபி இசையின் உள்ளே ஆழமாகப் போகவில்லை என்ற விமர்சனத்தில் உண்மை இருக்கிறது. கவ்வாலி மேதை நுஸ்ரத் ஃபதே அலி கானிடமோ, பஞ்சாபி நாட்டுப்புறப் பாடகர் குல்தீப் மானக்கிடமோ கிடைக்கும் பஞ்சாபி அவரிடம் கிடைக்காது. அவருடைய பஞ்சாபி வீட்டில் அம்மாவிடம் பேசுகிற அளவுப் பஞ்சாபி. அந்த அளவைத் தாண்டி இருப்பதாக அவரும் காட்டிக்கொண்டதில்லை.

இன்றைய நிலை: அவர் ஊரை விட்டுப் போகவில்லை. ஹேண்ட்ஸ்வொர்த்திலேயே ஒரு கல்லூரியோடு சேர்ந்து 'அப்பாச்சி இந்தியன் மியூசிக் அகாடமி' என்று இளைஞர்களுக்கான இசைப் பயிற்சிக் கூடத்தைத் தொடங்கினார். பள்ளிப் படிப்பில் ஒட்டாமல் போன பிள்ளைகளுக்கு ஒலிப்பதிவு, பாட்டு எழுதுவது, மேடை ஏறுவது எல்லாம் சொல்லிக்கொடுப்பது அதன் வேலை. இசைக்கும் இளைஞர்களுக்கும் செய்த சேவைக்காகப் பிரிட்டிஷ் எம்பயர் மெடல் என்ற அரசு விருது அவருக்குக் கிடைத்தது.

கேட்டுப் பார்க்க விரும்பினால் 'பூம் ஷாக்-அ-லாக்'கில் தொடங்காதீர்கள், அது எல்லோரும் செய்வது. முதலில் 'மூவி ஓவர் இண்டியா', அடுத்து 'சோக் தேர்', அப்புறம் 'அரேஞ்ஜ்டு மேரேஜ்'. இந்த மூன்றிலும் டுகல் சகோதரர்களின் தாளக்கட்டைக் காது கொடுத்துக் கேளுங்கள், டோல் எங்கே நுழைகிறது, பேஸ் எங்கே வழிவிடுகிறது என்று பாருங்கள். நேரம் இருந்தால் 'நஃப் வைப்ஸ்' தட்டில் உள்ள சாதி பற்றிய பாட்டையும் தேடிக் கேளுங்கள். அவருடைய பட்டியல் எண்களில் அந்தப் பாட்டு தனியாகத் தெரியாது, ஆனால் அவரைப் பற்றி எழுதும்போது நான் முதலில் நினைப்பது அதைத்தான்.